குளிர்ந்த கொப்புளங்கள்

சுவரைத் தட்டிப் பார்க்காமல் அக்கா எந்த வேலையையும் ஒப்புக்கொண்டதில்லை. கடையோ அலுவலகமோ, முதலில் நடுவிரலை மடக்கி இடத்துக்கு இரண்டு தட்டு. பிறகு காதைச் சாய்த்து ஒரு கணம் நிற்பாள். உள்ளே ஈரமா, பூச்சு உப்பியிருக்கிறதா என்பதெல்லாம் அந்தச் சத்தத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிடும். அதன் பிறகே சுவரை மூட அச்சடித்த தாள்படமா, பிளாஸ்டிக் ஸ்டிக்கரா என்று முடிவு சொல்வாள். வாடிக்கையாளர்கள் உட்பட எல்லோருக்கும் அவள் அக்காதான். இது அவளுக்கு நடந்தது. நம்புவதும் நம்பாததும் படிப்பவர் விருப்பம். அந்த விருப்பம்கூட அவளுக்கு வாய்க்கவில்லை. கேட்டது அவள் காது.

மூட்டு வலிக்குப் பயிற்சி அளிக்கும் புதிய சிகிச்சை மையம் ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. காத்திருப்போர் கூடத்தின் நீண்ட சுவர் முழுவதும் பச்சைக் காடாக வேண்டும் என்றார் டாக்டரம்மா. திறப்பு விழா அந்த வாரக் கடைசியில்.

அக்காவுடன் அவள் தம்பியும் வந்திருந்தான். காதோரம் நரைத்தவன், அவள் எடுக்கும் வேலைகளையெல்லாம் ஒட்டி முடிப்பவன் அவன்தான். ஒரு காலத்தில் குடியால் எல்லாவற்றையும் தொலைத்துவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு மீண்டவன். சுவரின் நடுப்பகுதியில் உள்ளங்கையை வைத்தவன், சட்டென்று எடுத்துக்கொண்டான்.

"தாள்படம் போடலாம்க்கா. பசை காய நாலு நாள் ஆகும், ஆனா சுவரு மூச்சு விடும். ஸ்டிக்கர்னா அடைச்சுக்கும். இந்த எடம் மட்டும் ஏன் இப்படி ஜில்லுன்னு இருக்கு?"

"வெயில் படாத சுவர் வேற எப்படி இருக்கும்? நாடி பாக்குற வேலைய அவங்ககிட்ட விடு. நீ ஒட்டுற வேலையப் பாரு."

டாக்டரம்மா சிரித்தார். தம்பி சிரிக்கவில்லை.

அக்காவும் அந்த இடத்தைத் தட்டிப் பார்த்திருந்தாள். அங்கே மட்டும் சத்தம் ஒரு நொடி தாமதித்து வந்ததுபோல் இருந்தது. மற்ற கிளைகளின் வேலையும் தருவதாக டாக்டரம்மா சொல்லியிருந்ததால், அதை அவள் வாயைத் திறந்து சொல்லவில்லை.

"ஸ்டிக்கரே போட்டுடலாம்," என்றாள்.

ஒரே பகலில் காடு ஏறிவிட்டது. மறுநாள் காலை, தலை உயரத்தில் இரண்டு கொப்புளங்கள். ஸ்டிக்கரில் காற்று அடைவது புதிதல்ல. தம்பி ஊசியால் குத்தி, ரப்பர் தகட்டால் அழுத்தித் தேய்த்தான். வெளியே வந்த காற்று அவன் விரலைச் சுண்டியது. அத்தனை குளிர்.

அடுத்த நாள் கொப்புளங்கள் மார்பளவுக்கு இறங்கியிருந்தன. அதற்கடுத்த நாள் இடுப்பளவில். ஒவ்வொன்றும் ஓர் உள்ளங்கை அகலம்.

"இதுதான் உங்க வேலை சுத்தமா?" என்றார் டாக்டரம்மா, ஊழியர்கள் எல்லோரும் பார்த்திருக்க.

அக்காவுக்கு முகம் சுண்டிப்போனது. தம்பி பக்கம் திரும்பினாள். "குடிச்சுட்டு வந்துதான் ஒட்டுனியா?"

தம்பி ரப்பர் தகட்டைத் துடைத்து நாற்காலியின் மேல் வைத்தான். செருப்பை மாட்டிக்கொண்டான். திரும்பிப் பாராமல் போய்விட்டான்.

ஊழியர்கள் சாப்பிடப் போன நண்பகல் வேளையில் அக்கா தனியாக உட்கார்ந்து கொப்புளங்களைக் குத்தினாள். ஜன்னல் வழியே நல்ல வெயில். குத்தியதை அழுத்தினாள். விரலை எடுத்ததும் அது மீண்டும் எழும்பியது... மெல்ல... யாரோ உள்ளிருந்து கையை ஊன்றுவதுபோல.

பழக்கம் விடவில்லை. இரண்டு தட்டுத் தட்டினாள்.

டக். டக்.

காதைச் சாய்த்தாள்.

டக்... டக்.

அது அவள் தட்டியது இல்லை. சத்தம் ஒரு சாண் கீழிருந்து வந்திருந்தது.

எழுந்து மூலை ஜன்னலுக்கு ஓடி வெளியே எட்டிப் பார்த்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் வண்டிகள் நிறுத்தும் திறந்த வெளி. வெயில். ஆளில்லை.

அவள் ஜன்னலில் நிற்கும்போதே...

டக்.

முழங்கால் உயரத்தில்.

டக்...

தரையோரத்தில்.

பிறகு, எதுவோ சரிந்து உராயும் ஓசை.

பிறகு, ஒன்றுமில்லை.

வாசலில் மின்கம்பி இழுத்துக்கொண்டிருந்தார் ஒரு முதிய எலக்ட்ரீஷியன். அந்தக் கட்டடத்தில் நெடுநாள் வேலை பார்த்தவர். அக்காவின் முகத்தைப் பார்த்ததும் அவர் ஏணியிலிருந்து இறங்கிவிட்டார்.

"சுவரோட நடுவுலயா?" என்றார். "அங்க ஒரு கதவு இருந்துச்சும்மா. அப்ப இது மீன் கம்பெனி, அந்தப் பக்கம் ஐஸ் ரூம். ஒரு லீவுக்கு முந்தின நாள் ஒருத்தர் உள்ள மாட்டிக்கிட்டாரு. தட்டியிருக்காரு. மோட்டார் சத்தம்னு விட்டுட்டாங்க. லீவு முடிஞ்சு தெறந்தப்ப, கதவு அடியில உக்காந்தாப்புல இருந்தாரு."

"யாருக்குமே கேக்கலையா?"

"கூட வேலை செஞ்ச ஒருத்தனுக்குக் கேட்டுச்சு. போய்ச் சொல்லியிருக்கான். குடிச்சுட்டு உளறுறான்னு வெளிய தள்ளிட்டாங்க."

"அந்த ஐஸ் ரூம் இப்ப எங்க?"

"அத இடிச்சு எவ்வளவோ காலம் ஆச்சு. கதவு இருந்த எடத்துல செங்கல்லக் கட்டிட்டாங்க. அந்தப் பக்கம் வெறும் காத்துதான்."

அன்று மாலை அவள் தம்பியின் வீட்டுப் படியேறினாள். அவன் மனைவி கதவைத் திறந்துவிட்டு விலகி நின்றாள். உள்ளே அவன் துணி மடித்துக்கொண்டிருந்தான்.

"வாய ஊதிக் காட்டணுமாக்கா?"

"வேண்டாம். நாளைக்கு அங்க வா. எல்லாரையும் வெச்சுக்கிட்டுதானே கேட்டேன். எல்லாரும் இருக்கும்போதே சொல்லிடுறேன்."

"சொல்லி என்ன ஆகப்போகுது?"

"உனக்கு ஆகுதோ இல்லையோ, எனக்கு ஆகணும்."

அவன் வருவானா என்று அவளுக்குத் தெரியவில்லை. காலையில் வந்திருந்தான், கடைசி வரிசையில், கைகளைக் கட்டிக்கொண்டு. டாக்டரம்மாவும் ஊழியர்களும் கூடியிருக்க, அக்கா நடுவில் நின்றாள்.

"ஸ்டிக்கர் வேண்டாம்னு இவன் சொன்னான். சுவர்ல கோளாறு இருக்குன்னு எனக்கே தெரியும். வேலை கைவிட்டுப் போயிடுமோன்னு மறைச்சேன். குடிச்சான்னு நான் சொன்னது பொய். இவன் குடிக்கல. தப்பு என்னோடது. திறப்பு விழா தள்ளிப்போனா அதுக்கும் காரணம் நான்தான். மத்த கிளைகள நீங்க வேற யாருக்குக் குடுத்தாலும் சரி."

டாக்டரம்மா சுவரைப் பார்த்தார். "கழட்டிடுங்க," என்றார்.

தம்பி முன்னால் வந்தான். காட்டின் நடுவே ஒரு கதவின் அளவுக்குத் தரைவரை கத்தியால் கீறி, மூலையைப் பிடித்து உரித்தான். அந்த வெயில் நேரத்தில், பசைப்புறம் முழுவதும் உறைபனி படர்ந்திருந்தது. அதில் ஐந்து விரல்களின் தடம், மேலிருந்து கீழாக.

அக்கா ஓர் அடி பின்வாங்கினாள்.

"மிச்சத்தையும் உரிக்கணும்," என்றான் தம்பி, அவள் முகத்தைப் பார்க்காமல். "அந்த ஓரத்தப் பிடிச்சுக்கோக்கா."

அக்கா பிடித்துக்கொண்டாள்.