பொறுமைசாலி சுடர்விழியும் பாதிச் சார்ஜரும்

குடமுருட்டிக் கரையில் சுடர்விழியைப் போலச் சாந்தமாகப் பேசத் தெரிந்தவர் இன்னும் பிறக்கவில்லை. வாஷிங் மெஷின் கம்பெனி ஒன்றுக்காக, வீட்டிலிருந்தபடியே லேப்டாப் வழியாகப் புகார்களைக் கேட்டுக்கொள்வது அவள் வேலை. ஊர் பேர் தெரியாதவர்களெல்லாம் அவளைத் திட்டுவார்கள். "உங்க கோபம் நியாயமானது சார்" என்பாள். கேட்டவர்களுக்குத் தூக்கம் வரும்.

அதே சுடர்விழிதான் ஆறு வயதில் அண்ணன் பரிதியின் காதைக் கடித்தவள். பேராவூரணிக் கபடிப் போட்டியில் எதிரணிப் பெண்ணின் தோள் எலும்பை உடைத்துவிட்டு, குடிக்கத் தண்ணீரும் தானே கொடுத்தவள். காது இன்றும் சற்றுக் குறைவாகத்தான் இருக்கிறது. பரிதி முடியை அந்தப் பக்கமாக வாரிக்கொள்வான்.

இந்த இருவருக்கும் நடுவே ஒரு சார்ஜர் இருந்தது. சரியாகச் சொன்னால், ஆளுக்குப் பாதி. சுவரில் செருகும் கட்டை அவளுடைய லேப்டாப்போடு வந்தது. வயர் அவனுடைய போனோடு வந்தது. அவள் வயரை எலி தின்றது. அவன் கட்டை ஓர் இடியில் கருகியது. தஞ்சாவூருக்குப் பஸ் ஏறினால் ஆளுக்கொன்று வாங்கி வரலாம். இருவரும் சம்பாதிப்பவர்கள்தான். ஆனால் முதலில் போய் வாங்குகிறவர் தோற்றவர் என்று இருவரும் வாய்விட்டுச் சொல்லாமலே முடிவு கட்டியிருந்தார்கள். தோற்கிற வம்சமில்லை அது.

அப்பா சாமிதுரை, வாய்க்கால் ஷட்டர்களை ஏற்றி இறக்கும் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவர். தண்ணீருக்காக மண்வெட்டியால் மண்டை பிளந்தவர்களுக்கு நடுவே நின்று தீர்ப்புச் சொன்ன அனுபவம் உண்டு. வீட்டிலும் அதையே சொன்னார்.

"முறை வச்சுக்குங்க. மத்தியானம் வரைக்கும் அவ மடை. அதுக்கப்புறம் அவன் மடை. முறை மாறி எவன் வெட்டுனாலும் கையை ஒடிப்பேன்."

"எவன்னா எவ இல்லையாப்பா?" என்றாள் சுடர்விழி.

"உன் கையை ஒடிக்க ஆள் வெளியூர்லேர்ந்துதான் வரணும்."

தீர்ப்பால் அமைதி வந்துவிடவில்லை. சண்டைக்கு ஒரு நேரம் வாய்த்தது. உச்சிவேளை நெருங்கினால் அம்மா வேம்பு கண்ணாடிச் சாமான்களை உள்ளே எடுத்து வைத்துவிடுவாள். காயம் கட்டுவதற்குப் பழந்துணியும் மஞ்சள்தூளும் தயாராக இருக்கும்.

சம்பா அறுவடை மும்முரத்தில் அந்த நாள் வந்தது. சுடர்விழியின் தகுதிகாண் காலத்துக்குக் கடைசி நாள். மேலதிகாரி ஜீவிதா, சென்னையிலிருந்து அவள் பேச்சை ஒட்டுக் கேட்டுக்கொண்டிருப்பாள். ஒரே ஓர் அழைப்பு பாதியில் அறுந்தாலும் வேலை போய்விடும். லேப்டாப்பின் பேட்டரியோ எப்போதோ செத்துவிட்டது. வயரை உருவினால் அந்த நொடியே அணையும்.

மத்தியானம் தாண்டியது. கரூர்க்காரர் ஒருவர், மெஷின் தன் வேட்டியைத் தின்றுவிட்டதாகக் கத்திக்கொண்டே இருந்தார். வாசலில் பரிதி வந்து நின்றான். கையில் போன் செத்துக் கிடந்தது. அவன் அறுவடை மெஷின் ஏஜென்ட். ஆத்தூரிலிருந்து வந்த மெஷின் திருவையாற்று முக்கில் வழி தெரியாமல் நின்றது; டிரைவர் வழி கேட்கும்போதே போன் அணைந்திருந்தது. மேற்கே வானம் கறுத்திருந்தது.

"என் மடை" என்றான்.

அவள் விரலை உதட்டில் வைத்தாள். அவன் வயரில் கை வைத்தான். சட்டம் முழுக்க அவன் பக்கம்தான் இருந்தது. அவளுக்குப் பக்கத்தில் தோசைத்திருப்பி இருந்தது.

முதல் அடி முழங்கை மூட்டில் விழுந்தது. "சொல்லுங்க சார், வேட்டி என்ன கலரு?" என்றாள். அவன் அவள் சடையைப் பிடித்துச் சுவரோடு சாத்தினான். மூக்கிலிருந்து ரத்தம் ஒழுகி உதட்டுக்கு வந்தது. "அப்படியா சார், பட்டு வேட்டியா, ரொம்ப வருத்தமா இருக்கு." காலால் கட்டையைச் சுவரோடு அழுத்திக்கொண்டு, திருப்பியின் விளிம்பால் அவன் புருவத்தைப் பிளந்தாள். அவன் அவள் வயிற்றில் உதைத்தான். நாற்காலி முறிந்தது. கீழே கிடந்தபடியே அவன் மணிக்கட்டில் பல்லைப் பதித்து, எலும்பு தட்டுப்படும் வரை இறக்கினாள்.

பரிதி ஊளையிட்டான். "ஐயோ, விடு, விடு, செத்தேன்!"

அவள் வாயைத் துடைத்துக்கொண்டாள். "லைன்லயே இருங்க சார். உங்களுக்காகத்தான் நான் இருக்கேன்."

கரூர்க்காரர் அவசரமாக, "வேட்டி போனா போவுதும்மா" என்று சொல்லி வைத்துவிட்டார்.

பரிதி செத்த போனோடும் கிழிந்த புருவத்தோடும் பைக்கை முறுக்கினான். முக்கில் நின்ற டிரைவர், ரத்தம் சொட்டும் முகம் காட்டிய திசையில் ஏன் என்று கேட்காமல் மெஷினைத் திருப்பினார்.

சாயங்காலம் ஜீவிதா அழைத்தாள். "கேட்டேன் சுடர்விழி. அந்தக் கஸ்டமர் என்னமா கத்துனாரு. எதையோ போட்டு உடைச்சாரு, கடைசியில ஊளையே விட்டாரு. நீங்க குரலைக்கூட உசத்தல. உங்க வேலையை நிரந்தரம் பண்ணிட்டோம். இனிமே புதுசா வர்றவங்களுக்குப் பொறுமையப் பத்தி நீங்கதான் வகுப்பு எடுக்கணும்."

உள்மூக்கில் பஞ்சு இருந்ததால் சுடர்விழியின் நன்றி இன்னும் மென்மையாகக் கேட்டது.

வேலை நிரந்தரமானவர்களுக்குக் கம்பெனி அனுப்பும் பெட்டி மறுவாரம் வந்தது. உள்ளே புத்தம்புதுச் சார்ஜர், வயரும் கட்டையுமாக. அதை உறை பிரிக்காமல் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்துப் பூட்டினாள். கேட்டு வாங்காவிட்டாலும், எடுத்துச் செருகினால் தோற்றது அவள்தானே.

மறுநாள் மத்தியானம் தாண்டியது. வாசலில் தையல் போட்ட புருவம் ஒன்று தெரிந்தது. உள்ளே வேம்பு கண்ணாடித் தம்ளர்களை அடுக்கும் சத்தம் கேட்டது. சுடர்விழி தோசைத்திருப்பியை மடிக்கு நகர்த்திக்கொண்டு, மைக்கை வாய்க்கு அருகே இழுத்தாள்.

"நிதானமா சொல்லுங்க சார். எனக்கு ஒரு அவசரமும் இல்ல."