இரண்டாம் பாகம் வராத காதல் கதை

உத்திரமேரூர்ப் பக்கம் ஒரு கிளை நூலகத்தில் நான் நூலகராக இருந்தபோது நடந்தது இது. சனிக்கிழமை சாயங்காலம், கதவைச் சாத்தலாம் என்று எழுந்த நேரம். நெல் விவசாயி ஏழுமலை, எங்கள் நூலக முத்திரை குத்திய புத்தகத்தோடு வேகமாகப் படியேறி வந்தார்.

“இன்னா புக்கு மேடம் எம் பொண்ணுக்குக் குட்த்துகினு கீறீங்க? ஸ்பெஷல் கிளாஸ் மத்தியானமே வுட்டாச்சி. இன்னும் வூடு வரல. தலவாணிக்கு அடியில இதான் கீது.”

அவர் மகள் நித்யா பிளஸ் ஒன். அது பழைய கிரேக்கக் கதையை இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்காக மாற்றி எழுதிய காதல் நாவல். பெர்செபோனி என்ற பெண், பாதாள ராஜா ஹேடீஸ் மேல் ஆசைப்பட்டு, அம்மாவிடம் சொல்லாமல் கீழே இறங்கிப் போகிறாள். அங்கே மாதுளை முத்தைத் தின்றால் வீடு திரும்ப முடியாது. தின்பதற்குக் கையில் எடுக்கும் இடத்தில் முதல் பாகம் முடிந்துவிடும்.

ஏழுமலை அந்தக் கடைசிப் பக்கத்தை மட்டும் படித்திருந்தார்.

“இதப் பட்ச்சிட்டு எவன்கூடனா போய்ட்டாளா மேடம்?” கேட்கும்போதே குரல் உடைந்தது.

புகார் என்று போனால் என் வேலைக்கே வம்பு. அதைவிட, அந்தப் பெண் எங்கே?

சேர் போட்டு அவரை உட்கார வைத்தேன். நித்யா வாரா வாரம் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: “ரெண்டாவது பார்ட் வந்துச்சா மேடம்?” புத்தகம் கேட்டு மேலே இண்டென்ட் எழுதிப் போட்டும் வரவில்லை. காஞ்சிபுரம் பெரிய லைப்ரரியில் ஒரு பிரதி இருக்கிறது என்று முந்தின நாள்தான் சொல்லியிருந்தேன்.

சட்டென்று அங்கே போன் போட்டேன். எடுத்தவர் என்னோடு முன்பு வேலை பார்த்தவர்.

“யூனிஃபார்ம் போட்ட பொண்ணா? மத்தியானத்துலேர்ந்து இங்கதான் உக்காந்து படிக்கிறா. மெம்பர் இல்ல, வீட்டுக்குத் தர முடியாதுன்னேன். அப்போ இங்கயே முடிச்சிடறேன்னுட்டா.”

ஸ்பீக்கரில் நித்யா வந்தாள். “நைனா, இன்னும் கொஞ்சம் பக்கந்தான் கீது. நேரம் போனதே தெரியல.”

ஏழுமலை திட்டவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“அங்கியே இரு. வண்டி எட்த்துகினு வரேன்” என்றவர், போனை வைக்குமுன் கேட்டார்: “கதயில அந்தப் பொண்ணு வூட்டுக்கு வந்துச்சா?”

“வந்துட்டா நைனா. ஆறு மாசம் அம்மாகிட்ட, ஆறு மாசம் அந்த ராஜாகிட்ட.”

“வந்துச்சில்ல, அது போதும்.”

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்வேன்: தொடர் நாவல் என்றால் எல்லாப் பாகமும் கைக்கு வந்த பிறகே ரேக்கில் வையுங்கள். பாதியில் நிற்கும் கதைக்காக ஒரு பெண் எந்த ஊருக்கும் பஸ் ஏறுவாள்.