றெஜினாவும் தொண்ணூற்றைந்தும்

யாழ்ப்பாணத்துக் கொழும்புத்துறையில், நண்டு வாங்கும் வாடியில் றெஜினாவின் பெருவிரலுக்குத் தனி மரியாதை. நண்டைத் தூக்கி அடிவயிற்றில் ஓர் அமுக்கு. சதை நிறைந்ததா, வெறும் தண்ணீர் நண்டா என்று அந்த நொடியே சொல்லிவிடுவாள். பதினெட்டு வருசமாகத் தரம் பிரிக்கிறாள், ஒருவரும் எதிர்த்துக் கதைத்ததில்லை. அப்பேர்ப்பட்ட மனுசிக்கு, ஐம்பத்துமூன்று வயதில், இரண்டு பெண்பிள்ளைகளையும் கட்டிக் கொடுத்துப் பேரப்பிள்ளையும் கண்ட பிறகு, பொறாமை பிடித்தது என்றால் நம்புவீர்களா? பிடித்தது. சோறு இறங்காத அளவுக்குப் பிடித்தது.

மூட்டிவிட்டது பக்கத்து வீட்டுச் செபஸ்தியம்மா.

"நான் சொல்லுறன் எண்டு கோவிக்காதை றெஜினா. உன்ரை மனுசன் சனிக்கிழமையிலை பெற்றோல் செட்டுக்குப் போனால் அந்த விலை கூடின தொண்ணூற்றைஞ்சு ஒக்டேன் பம்படியிலைதான் நிக்கிறார். பக்கத்திலை தொண்ணூற்றிரண்டு வெறுமையாக் கிடக்கு."

"கிடந்தால் உனக்கென்ன?"

"எனக்கொண்டுமில்லை. தொண்ணூற்றைஞ்சிலை அடிக்கிறது ஒரு பெட்டை. ஜெசிதாவாம் பேர். அடிச்சு முடிஞ்சாப் பிறகும் உவர் நிண்டு கதைக்கிறார்."

கதைக்கிறாராம்! யார், அவள் புருசன் எமில்ராஜ்? கறிக்கு உப்புக் காணுமா என்று கேட்டால் ஒரு நாள் 'ம்', மறுநாள் அதுவும் இல்லை. கலியாணம் முடித்து முப்பத்திரண்டு வருசம். அவர் பெண்சாதியோடு பேசிய பேச்சையெல்லாம் ஒன்றாகச் சேர்த்தாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்துக்கு வராது. அந்த மனுசன் பம்படியில் நின்று ஒரு பெட்டையோடு கதைக்கிறாராம்.

அவரிடம் இருப்பது தகப்பன் வாங்கிய ஜப்பான் ஜீப். நாலு சில்லும் சேர்ந்து இழுக்கும். வள்ளத்தைக் கரைக்கு இழுப்பதும் ஐஸ்பெட்டி ஏற்றுவதும் அதுதான். போர்க்காலத் தடையில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராதபோது, ஊரிலிருந்த மற்ற வாகனங்களைப்போல அதுவும் மண்ணெண்ணெய் குடித்து இருமி இருமி ஓடியது. றெஜினாவின் தலைச்சன் பிள்ளை தங்காமல் போனதும் அந்தக் காலத்தில்தான். அந்தப் பேச்சை அந்த வீட்டில் ஒருவரும் எடுப்பதில்லை.

மறுநாள் வாடி வேலை முடிந்த கையோடு றெஜினா ஆழ்வாப்பிள்ளையின் கராச்சுக்குப் போனாள். அந்த ஜீப்பை இருபது வருசமாகத் திருத்துகிறவர் அவர்தான்.

"அண்ணை, எங்கடை ஜீப்புக்கு எந்தப் பெற்றோல் சரி?"

"தொண்ணூற்றிரண்டு தாராளம் தங்கச்சி. உது பழைய எஞ்சின், அமுக்கம் குறைவு. பாரம் இழுக்கேக்கை டக்டக்கெண்டு இடிச்சால் எண்டாலும் தொண்ணூற்றைஞ்சை யோசிக்கலாம். உது இடிக்கிறேல்லை. விலை கூடினதை ஊத்தினாப்போலை இழுவை கூடாது. எமிலுக்கு நூறு தரம் சொல்லிட்டன், கேட்டாத்தானே."

"ஏனாம் கேக்கிறாரில்லை?"

"ஆருக்குத் தெரியும்? சிரிச்சுப்போட்டுப் போவார்."

சிரிக்கவும் செய்கிறாராம்! றெஜினாவுக்குச் சுர்ரென்று உச்சந்தலை வரை ஏறியது. அப்படியென்றால் ஜீப்புக்குத் தொண்ணூற்றைந்து தேவையில்லை. தேவை ஜீப்காரருக்கு. வீட்டுக்கு வந்து கண்ணாடிக்கு முன்னால் நின்றாள். காதோர நரையைப் பார்த்தாள். நண்டுக் கால் கீறிக் கீறிச் சொரசொரத்துப்போன கையைப் பார்த்தாள். முகம் தெரியாத அந்தப் பெட்டையின் கை வழுவழுவென்று இருக்கும், நண்டா அமுக்குகிறாள்?

மூன்று நாள் புருசனையும் அமுக்கிப் பார்த்தாள்.

"ஜீப் நல்லா ஓடுதோ?"

"ம்."

"பெற்றோல் செட்டிலை சனமோ?"

"ம்கும்."

பாழாய்ப்போன மனுசன்! நண்டென்றால் இதற்குள் பிடிபட்டிருக்கும்.

சனிக்கிழமை காலை எமில்ராஜ் ஜீப்பை எடுத்தபோது, பூசைக்குக் கட்டுகிற சேலையைக் கட்டி, முகத்துக்குப் பவுடரும் பூசி, முன் சீற்றில் ஏறி இருந்தாள்.

"எங்கை வெளிக்கிட்டனீ?"

"உங்களோடைதான். ஏன், வரப்படாதோ?"

அவர் கியரைப் போட்டார்.

செபஸ்தியம்மா சொன்னது சரி. தொண்ணூற்றிரண்டு வெறிச்சென்று கிடக்க, ஜீப் நேரே தொண்ணூற்றைந்தில் போய் நின்றது. ஜெசிதாவுக்கு முப்பது வயதிருக்கும். வெயிலில் கறுத்த முகம், தலையில் தொப்பி.

"வழமை மாதிரியோ அங்கிள்?"

அங்கிளாம்! அங்கிள் என்று கூப்பிட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? எமில்ராஜ் றேடியேற்றருக்குத் தண்ணீர் எடுக்கக் கானைத் தூக்கிக்கொண்டு பைப்படிக்குப் போனார். இதற்காகவே காத்திருந்தவள் கதவைத் திறந்து இறங்கினாள்.

"பிள்ளை, உந்த ஜீப்புக்குத் தொண்ணூற்றிரண்டு காணும் எண்டு உனக்குத் தெரியாதோ?"

"ஐயோ அன்ரி, முதல் நாளே சொன்னனான். அதுக்குத்தான் அங்கிள் அந்தக் கதையைச் சொன்னவர்."

"எந்தக் கதை?"

ஜெசிதா பம்பில் வைத்த கையை எடுக்காமல் குரலைத் தாழ்த்தினாள். "உங்கடை மூத்த பிள்ளையின்ரை கதை. உங்களுக்குப் பிரசவ நோ வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகேக்கை, மண்ணெண்ணையிலை ஓடின ஜீப் வழியிலை மூண்டு தரம் நிண்டு போச்சாமே. நல்ல எண்ணெய் இருந்திருந்தால் பிள்ளை இருந்திருப்பான் எண்டு சொன்னவர். பிறகு இதுக்குக் குறைஞ்சதை ஊத்த மனம் வரேல்லையாம். எனக்கும் முதல் பிள்ளை தங்கேல்லை அன்ரி. அதாலைதான் என்னோடை கதைக்கிறவர்."

ஜீப் நின்றது றெஜினாவுக்குத் தெரியாதா? அதற்குள் படுத்துக் கிடந்தது அவள்தானே. நோவை நேரத்தோடு சொல்லாதது தன் பிழை என்று இத்தனை வருசமும் தன்னையே தின்றுகொண்டிருந்தாள். அவரும் தன் பாட்டில் ஒரு பிழையைத் தூக்கித் திரிந்தது அவளுக்குத் தெரியாது.

இதோடு பொறாமை அடங்கியது என்று நினைத்துவிடாதீர்கள். இப்போதுதான் அது சரியாகப் பிடித்தது. இளமையா, அழகா, வழுவழுத்த கையா, அதெல்லாம் அந்தப் பெட்டையிடமே இருந்துவிட்டுப் போகட்டும். றெஜினாவின் பிள்ளையின் கதையை றெஜினாவுக்குச் சொல்லாமல் இவளுக்கல்லவா சொல்லியிருக்கிறார்!

எமில்ராஜ் தண்ணீர்க் கானோடு திரும்பி வந்து, இரண்டு பெண்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எதை அடிக்க அன்ரி?" என்று கேட்டாள் ஜெசிதா.

"தொண்ணூற்றைஞ்சையே அடி பிள்ளை. பெற்றோல் ராங்கி நிறைய அடி."

திரும்பும்போது மதகடி வந்ததும் றெஜினா அவருடைய கையைப் பிடித்தாள்.

"இஞ்சேருங்கோ, ஒருக்கால் ஓரமா நிப்பாட்டுங்கோ."

நிறுத்தினார்.

"அவளுக்குச் சொன்னதை எனக்கும் சொல்லுங்கோ."

"உனக்குத் தெரிஞ்சதுதானே."

"தெரியும். எண்டாலும் நீங்கள் சொல்லுங்கோ. துவக்கத்திலையிருந்து சொல்லுங்கோ."

எமில்ராஜ் சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினார்.

"முதல் தரம் ஜீப் நிண்டது இந்த மதகடியிலைதான்," என்றார்.