அமாவாசைக்குக் கட்டம் இல்லை

ஆரணியில ஒரு பட்டுச்சேலைக் கம்பெனியில எனக்குக் கம்ப்யூட்டர் வேலை. நெசவாளிங்களுக்கு, தறியில நீளவாக்குல கட்டுற பாவு நூல் கொடுப்போம், அவங்க வீட்டுத் தறியில சேலை நெய்து தருவாங்க. எல்லாம் ஒழுங்காத்தான் போய்கினு இருந்தது. முதலாளி ஒரு புது சாஃப்ட்வேர் வாங்கினார். பேஜார் ஆரம்பிச்சது.

தினமும் நெசவாளிங்க தறியை போட்டோ எடுத்து அனுப்பணும். சாயந்திரம் அஞ்சு மணி ஆனா கம்ப்யூட்டர் தானே கணக்குப் பார்க்கும். போட்டோ வராத தறிக்கு 'நின்றுவிட்டது'ன்னு போட்டு, அதுக்கு அடுத்துப் போக வேண்டிய பாவை வேற ஆளு பேருக்கு மாத்திடும். ஏன், எதுக்குன்னு கேட்காது. கேட்கிற பழக்கம் முதலாளிக்கே கிடையாது, அது எங்கேர்ந்து கேட்கும்?

எந்த நாள் லீவுன்னு நாம சொல்லி வைக்கலாம். ஞாயித்துக்கிழமைக்கு ஒரு கட்டம் இருந்தது, டிக் அடிச்சேன். நான் சர்ச்சுக்குப் போற ஆளு, எனக்கு சௌகரியம். ஆனா நெசவாளிங்க தறியை நிறுத்துறது அமாவாசைக்கு. அதுக்குக் கட்டமே இல்ல. சாஃப்ட்வேர் செஞ்ச ஆளுக்கு சென்னைக்கு போன் போட்டேன்.

"தினமும், வாரா வாரம், மாசா மாசம், அவ்ளோதான் சார். அமாவாசை மாசத்துல எத்தினாம் தேதி வரும்?"

"நிலாவைக் கேளுய்யா"ன்னு போனை வெச்சுட்டேன்.

அப்புறம் ஆபீஸ் காலண்டரைப் பார்த்து மாசா மாசம் நானே தேதியைத் தட்டிகினு இருந்தேன். ஒரு மாசம் அமாவாசை மத்தியானம் ஆரம்பிச்சு மறுநாள் வரைக்கும் இருந்தது. எங்க காலண்டர்ல முதல் நாள்னு போட்டிருந்தான். தனியா தறி ஓட்டுற ஒரு அம்மா வீட்டுக் காலண்டர்ல மறுநாள். அன்னிக்குத்தான் அவங்க, செத்துப்போன வீட்டுக்காரருக்குப் படையல் போட்டாங்க. தறியைத் தொடல. அஞ்சு மணிக்கு அவங்க பாவு கைமாறிடுச்சு.

பாவு வரலையேன்னு ரெண்டு நாள் கழிச்சு ஆபீசுக்கு வந்தாங்க. விஷயத்தைச் சொன்னேன்.

"நான் என்ன ஊர் சுத்தவா போனேன்? படைச்சேன் சார்!"

முதலாளிகிட்ட நேராப் போய் கத்திட்டேன். "திருப்பி வாங்கிக் குடுய்யா, யாரு வேணாங்கறது?"ன்னார். ஜல்தியா வண்டியை எடுத்துகினு, பாவு கைமாறிப் போன நெசவாளி வீட்டுக்குப் போனேன். அந்த வீட்டுல புதுப் பாவைப் பழைய பாவோட நுனியில இழை இழையா பிணைச்சு முடிச்சுட்டாங்க. பிணைச்சதுக்கு மேல ஒண்ணும் பண்ண முடியாது. அடுத்த பாவு வர்ற வரைக்கும் அந்தம்மா களம்பூர்ல ரைஸ் மில் வேலைக்குப் போனாங்க.

அடுத்த அமாவாசைக்கு, எந்தக் காலண்டர்ல எந்த நாளா இருந்தாலும் சரின்னு ரெண்டு நாளும் லீவு தட்டினேன். வர்றது வரட்டும்னு முதலாளியைக் கேட்கவே இல்ல. அந்தம்மாவுக்கு வீட்டுக்கே போய் சொல்லிட்டு வந்தேன். அப்படியும் அமாவாசை அன்னிக்குக் காலையில ஒரே ஒரு போட்டோ வந்தது. அவங்க தறி. புதுப் பாவு, ஒரு முழம் நெய்திருந்தது. போன் போட்டேன்.

"ஏம்மா, இன்னிக்குப் படைக்கிற நாளாச்சே? லீவு போட்டிருக்கேன்னு சொன்னேனே!"

"நீங்க போட்டீங்க சார். அந்தக் கம்ப்யூட்டருக்குத் தெரியுமா?"

"தெரியும்மா. என்னை நம்புங்க."

அவங்க தறியை நிறுத்தல, ஓட்டிகினேதான் பேசினாங்க.

"எங்க வீட்டுக்காரரு ஒரு மாசம் பொறுத்துக்குவாரு சார். அது பொறுத்துக்காது."