இறங்கிப்போன மூன்றாம் கம்பி

சுதர்ஷினி தலவாக்கலைப் பக்கத்து ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் தையல் மெஷின் மெக்கானிக். பதினெட்டு வயதில் நூல் வெட்டும் வேலைக்குப் போனவள், மெஷின் நின்றுபோகும்போதெல்லாம் எட்டிப் பார்த்து, கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டு, கடைசியில் திருகாணியைத் தானே கழற்றத் தொடங்கினாள். மெக்கானிக்காக ஆன முதல் மாதம், அவள் சரிசெய்த மெஷின்கள் மறுநாள் காலையில் மறுபடி கெட்டுக் கிடந்தன. தனக்குத்தான் வேலை தெரியவில்லை என்று அழுதாள். ஒரு நாள் சாப்பாட்டு மணி அடித்தும் போகாமல் துணி மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தபோது, கூட வேலை செய்த ஒருவன் வந்து ஊசித் திருகைத் தளர்த்திவிட்டுப் போனதைக் கண்ணால் பார்த்தாள். அதற்குப் பிறகு, எந்தப் பொருளும் தானாகக் கெடும் என்று அவள் நம்பியதில்லை.

பூண்டுலோயாத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில், ஒற்றை அறைக் காம்பிராவில், அவளிடம் ஒரு சிவப்பு எலக்ட்ரிக் கிட்டார் இருந்தது. நுவரெலியா ஹோட்டலில் வாசித்துவந்த ஒருவர் வெளிநாடு போகும்போது அவளிடம் கொடுத்துவிட்டுப் போனது. போனில் பார்த்துப் பார்த்துப் பழகினாள். டவுனில் ஸ்டூடியோ வைத்திருக்கும் முத்துலிங்கம் மாஸ்டர் அவள் வாசிப்பதைக் கேட்டுவிட்டுத் தன் இசைக்குழுவில் சேர்த்துக்கொண்டார். அதுவரை அங்கே லீட் கிட்டார் வாசித்தவர் லக்ஸ்மன், கந்தப்பளையில் மரக்கறி லொறி ஓட்டுகிறவர். மாஸ்டர் அந்த இடத்தை அவளுக்குக் கொடுத்து, அவரைப் பின்னணியில் ஒலிக்கும் பேஸ் கிட்டாருக்கு மாற்றினார். லக்ஸ்மன் "சரி மாஸ்டர்" என்றதோடு நிறுத்திக்கொண்டார். ஒரு வார்த்தை மறுத்துப் பேசியிருந்தால் சுதர்ஷினிக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

ஹட்டனில் ஒரு கல்யாண மண்டபத்தில்தான் முதல் தடவை நடந்தது. இரண்டாவது பாட்டில் சுரத்தை உயர்த்தக் கம்பியை விரலால் வளைத்து இழுத்து விட்டாள். மூன்றாம் கம்பி சுருதி இறங்கிவிட்டது. மாஸ்டர் கீபோர்டிலிருந்து தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார். மேடைக்கு ஏறும் முன்புதான் கம்பிகளை இறுக்கும் சாவிகளைத் திருகி எல்லாவற்றையும் சரிபார்த்திருந்தாள்.

இடைவேளையில் பாடகி ஷாமிலா காதோடு சொன்னாள்: "அக்கா, நீங்க டீ குடிக்கப் போனப்ப லக்ஸ்மண்ணன் ஒங்க கிட்டாரத் தொட்டுக்கிட்டு இருந்தாரு."

அது போதுமாக இருந்தது. அதன் பிறகு அவர் எங்கே நிற்கிறார், கையை எங்கே வைக்கிறார் என்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் சிரித்தால் எதற்குச் சிரிக்கிறார் என்று யோசித்தாள். கொட்டகலையில் மறுபடி அதே கம்பி இறங்கியபோது, எல்லாரும் வயர்களைச் சுருட்டிக்கொண்டிருக்கையில் நேரே கேட்டுவிட்டாள்.

"அண்ணே, எங் கிட்டார் சாவியத் திருகினது நீங்கதானே?"

லக்ஸ்மனுக்கு முதலில் புரியவே இல்லை. புரிந்ததும் முகம் கறுத்தது. "அன்னைக்கி சாஞ்சு விழப் போச்சு தங்கச்சி. நிமித்தி வச்சேன். அவ்வளவுதான்."

"என் எடம் கெடைக்கணும்னு செஞ்சீங்க."

அவர் மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் வயரைச் சுருட்டியபடியே குனிந்துகொண்டார். லக்ஸ்மன் பேஸ் கிட்டாரைப் பெட்டியில் வைத்து மூடி, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டார்.

அடுத்த நிகழ்ச்சிக்கு லக்ஸ்மன் வரவில்லை. ஆனால் கம்பி இறங்கியது.

சுதர்ஷினி ஒவ்வொருவராகச் சந்தேகித்தாள். அப்படியானால் ஷாமிலாவா? தன் மேல் சந்தேகம் விழாமலிருக்கத்தான் லக்ஸ்மனைக் காட்டிக்கொடுத்தாளா? மாஸ்டரே கூடவா? யாரிடமும் எதுவும் கேட்காமல், சாவிகள் ஒவ்வொன்றிலும், அதைத் தாங்கும் மரத்திலும் சேர்ந்தாற்போல் நகப்பூச்சால் மெல்லிய கோடு இழுத்தாள். சாவி மயிரளவு திரும்பினாலும் கோடு விலகிவிடும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒத்திகையில் கம்பி இறங்கியது. உடனே கோட்டைப் பார்த்தாள். விலகவில்லை. கையால் தடவியும் பார்த்தாள். யாரும் தொட்டிருக்கவில்லை.

இரண்டு நாள் கழித்துத் தொழிற்சாலையில் ஒரு மெஷின் இடையிடையே தையலை விட்டுத் தைத்தது. அவள் நூலை விரலால் மெதுவாக இழுத்துப் பார்த்தாள். சீராக வராமல் ஓரிடத்தில் பிடித்து, பிறகு விடுபட்டு வந்தது. நூல் நுழையும் வளையத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பிசிறு. அதைத் தேய்த்து எடுத்துக்கொண்டிருந்தவளின் கை அப்படியே நின்றது.

வீட்டுக்குப் போனதும் கிட்டாரை மடியில் வைத்து மூன்றாம் கம்பியின் சாவியை மெதுவாகத் திருகினாள். சுருதி ஏறவில்லை. இன்னும் திருகினாள். "டிக்" என்று ஒரு சின்ன ஓசை, உடனே சுருதி ஒரே தாவாகத் தாவியது. கழுத்தின் உச்சியில் கம்பிகள் உட்காரும் வெள்ளைக் கட்டையில், பள்ளம் கம்பியைவிட ஒடுக்கமாக இருந்தது. வளைத்து இழுத்த கம்பி திரும்பி வரமுடியாமல் அங்கேயே மாட்டிக்கொண்டு தளர்ந்துபோயிருந்தது.

பழைய தடித்த கம்பியொன்றின் துண்டை அரம் போல வைத்து, ஒவ்வொரு பள்ளமாகத் தேய்த்தாள். அவசரத்தில் முதல் பள்ளம் ஆழமாகிவிட்டது. மெல்லிய கம்பி கழுத்தின் முதல் உலோகப் பட்டையில் உரசி இரைந்தது. பள்ளத்தை நிரப்ப அதில் அப்பச்சோடாவைத் தூவி, சுப்பர் குளூ பசை ஒரு சொட்டு விட்டு, இறுகியதும் மறுபடி தேய்த்தாள். கம்பி வழுக்கி வர, பள்ளங்களில் பென்சில் கூரைத் தேய்த்துக் கரியேற்றினாள். சாவியில் ஏழெட்டுச் சுற்றாகச் சுற்றிக் கிடந்த கம்பிகளை வெட்டி, மூன்றே சுற்றில் இறுக்கினாள். கிட்டாரின் பின்புறம் கம்பிகளின் இழுவையைத் தாங்கும் ஸ்ப்ரிங்குகள் ஆடாதபடி ஒரு மரத்துண்டைச் செதுக்கி அடைத்தாள். பிறகு மூன்றாம் கம்பியை வளைத்து இழுத்தாள், பத்துத் தடவை, இருபது தடவை. சுருதி இறங்கவில்லை.

சந்தோஷம் வரவில்லை. கொட்டகலையில் லக்ஸ்மனின் முகம் கறுத்ததுதான் நினைவுக்கு வந்தது.

லீவு நாளில் கந்தப்பளைக்கு பஸ் ஏறினாள். லக்ஸ்மன் லொறியில் வெங்காயத்தாள் போன்ற லீக்ஸ் கட்டுகளை ஏற்றிக்கொண்டிருந்தார். அவளைக் கண்டும் வேலையை நிறுத்தவில்லை.

"அண்ணே, கிட்டார்லதான் கோளாறு. நீங்க தொடல. தப்பாப் பேசிட்டேன், மன்னிச்சிருங்க."

"இங்க வந்து சொன்னா யாருக்குத் தெரியும்? எல்லார் முன்னாலயும்தானே என்னயக் கள்ளனாக்குனீங்க. அங்கேயே வந்து சொல்லுங்க."

ஞாயிற்றுக்கிழமை அவர் ஸ்டூடியோ வாசலில் வந்து நின்றார், உள்ளே வரவில்லை. மாஸ்டர், ஷாமிலா எல்லாரும் இருக்க, சுதர்ஷினி கட்டையையும் பள்ளத்தையும் காட்டி நடந்ததைச் சொன்னாள். ஷாமிலா தரையைப் பார்த்தாள். மாஸ்டர்தான் எழுந்து போய், "உள்ள வா லக்ஸ்மன், நானும் பேசாம இருந்தது தப்புத்தான்" என்று அழைத்துவந்தார்.

லக்ஸ்மன் மறுபடி வாசிக்கிறார். இருவரும் பேசிக்கொள்கிறார்கள், பாட்டு, தாளம், அடுத்த நிகழ்ச்சி, அதற்கு மேல் இல்லை. போன மாதம் அக்கரப்பத்தனைக் கோயில் மேடை உயரமாக இருந்தது. ஏறுவதற்காக அவள் கிட்டாரை அவரிடம் நீட்டினாள். அவர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

"ஷாமிலாகிட்டக் குடுங்க தங்கச்சி," என்றார்.

அவள் ஷாமிலாவைக் கூப்பிட்டாள்.