ஒயர் கையில், வெளிச்சம் போர்டில்

நீஷ் நகரத்து ஸ்லாவ்காவுக்கு அவசரம் என்றாலே ஆகாது. காபிகூடப் பொங்கி அடங்கி, மண்டி கீழே தங்கிய பிறகுதான் குடிப்பாள். காலமெல்லாம் பிறர் வடிவமைத்த சர்க்யூட் போர்டுகளைப் பழுது பார்த்தவள், இப்போதுதான் சொந்தமாக ஒன்றை வடிவமைத்திருந்தாள். குறைமாதக் குழந்தைகளை வைக்கும் இன்குபேட்டருக்கான போர்டு அது.

அதிலிருந்த பிராசஸருக்கு மின்சாரம் வரிசையாகப் போக வேண்டும். முதலில் உள்ளே இருக்கும் மூளைக்கு, அடுத்து நினைவகத்துக்கு, கடைசியாக வெளியுலகோடு பேசும் உலோகக் கால்களுக்கு. வரிசை பிசகினால் சிப் கருகிப்போகலாம். ஸ்லாவ்கா அதைக் கண்ணும் கருத்துமாகத்தான் அமைத்திருந்தாள். அளந்து பார்த்தபோதும் மின்சாரம் வரிசை பிசகாமல்தான் ஏறியது. ஆனாலும் அவள் மேசையில் போர்டுகள் செத்துக்கொண்டே இருந்தன. போர்டைச் சோதித்துப் பார்க்க ஆஸ்பத்திரிக்காரர்கள் வரும்போதும் இப்படி நடந்தால், முதலாளி இதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு போர்டை வெளியில் வாங்கிக்கொள்வார்.

பக்கத்து மேசை மியோத்ராகிடம் அதே போர்டு ஜம்மென்று ஓடியது.

"உன் கைராசி அப்படிக்கா. நீ தொடாம இரு, எல்லாம் நல்லா ஓடும்."

"வாயை மூடிட்டு வேலையப் பாருடா."

சிரித்தபடிதான் சொன்னாள். உள்ளுக்குள் வலித்தது.

புதுப் போர்டு ஒன்றை எடுத்து, வழக்கம்போல் முதலில் கம்ப்யூட்டர் கேபிளைச் செருகினாள். பிராசஸர் கண் விழித்ததும் திரையில் எழுதும் முதல் வரியைத் தவறவிட அவளுக்கு மனம் வராது. அதைப் படிப்பதில் அப்படியொரு சந்தோஷம். பவர் ஒயரை எடுத்த நேரம் மியோத்ராக் காபியை நீட்டினான். வாங்கியவள் தற்செயலாகக் குனிந்து பார்த்தாள். போர்டில் சின்னப் பச்சை விளக்கு மங்கலாக எரிந்துகொண்டிருந்தது.

"டேய், பவர் ஒயர் என் கையில இருக்கு. அப்போ இது எதுல எரியுது?"

மியோத்ராக் எட்டிப் பார்த்தான். கேபிளை உருவினான்; விளக்கு அணைந்தது.

மூளை தூங்கும்போதே, கேபிளிலிருந்து கசிந்த மின்சாரம் கால்கள் வழியே உள்ளே நுழைந்திருந்தது. வீட்டுக்காரர் எழுவதற்குள் விருந்தாளி பின்வாசலால் புகுந்த கதை. அந்த நிலையில் பவரைக் கொடுத்ததும்தான் சிப்புகள் கருகின. மியோத்ராகுக்கு முதல் வரியெல்லாம் ஒரு பொருட்டில்லை. பவர் போட்ட பிறகு சாவகாசமாகக் கேபிளைச் செருகுவான். தன் ஆசையே போர்டுகளைக் கொன்றது என்று தெரிந்தபோது ஸ்லாவ்காவுக்கு வெட்கமாக இருந்தது.

"முதல்ல பவர், அப்புறம் கேபிள்னு ஒரு சீட்டு ஒட்டிடலாம்க்கா. சோலி முடிஞ்சது."

"செஞ்ச எனக்கே தோணலயே. ஆஸ்பத்திரில குழந்தை மூச்சு விடலன்னு ஓடி வர்றவன் சீட்டையா படிப்பான்?"

கேபிள் வரும் பாதையில் ஒரு காவல் சிப்பை வைத்தாள். மூளை முதல் கால் வரை எல்லாவற்றுக்கும் மின்சாரம் வந்து சேரும்வரை அது வழிவிடாது. கூடுதலாக ஒரு சிப்பா என்று முதலாளி முணுமுணுத்தார். அவள் இறங்கி வரவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த டெக்னீஷியன் யாரிடமும் கேட்காமல் முதலில் கேபிளைத்தான் செருகினார். ஸ்லாவ்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு பச்சை விளக்கைப் பார்த்தாள். இருட்டாகவே இருந்தது. பிறகு அவர் பவரைக் கொடுத்தார். விளக்கு பளிச்சென்று எரிந்தது.

"அட, எடுத்த எடுப்புலயே பேசுதே!" என்று அவர் திரைப்பக்கம் திரும்பினார். அதற்குள் ஸ்லாவ்கா முதல் வரியைப் படித்து முடித்திருந்தாள்.