அரை மணிக்கு எத்தனை காலர்

அந்தத் தையல் ஆலையில் அவளை எல்லோரும் எக்ஸ்பிரஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். சட்டைக்குக் காலர் வைக்கும் வரிசையில் பதினெட்டு வருஷம் உட்கார்ந்தவள். கவலை வந்தால் மற்றவர்களுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. இவளுக்கு இரண்டும் சேர்ந்து ஓடும். புருஷன் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டை விட்டுப் போன மறுநாள், அவள் தைத்துப் போட்டதை மூட்டை கட்ட ஆள் போதவில்லை. "இவ புருஷன் வாரம் ஒரு தடவை ஓடிப்போனா நம்ம ஆர்டரெல்லாம் முடிஞ்சிடும்" என்று கட்டிங் மாஸ்டர் கிண்டலடித்தார். அவளும் சிரித்தாள். ஆனால் குனிந்த தலை நிமிரவில்லை.

அதற்குப் பிறகு அண்ணன் வீட்டோடு வந்துவிட்டாள். கட்டட வேலையில் இடுப்பு முறிந்த அண்ணன் படுத்த படுக்கை. அண்ணிக்கும் அதே ஆலையில், அதே வரிசையில், பக்கத்து மெஷின். இரண்டு பெண்களின் கூலியில்தான் அந்த ஒற்றை அறையில் அடுப்பு எரிந்தது. அண்ணியின் வலது மணிக்கட்டு எப்போதும் வீங்கியே இருக்கும். அரை மணிக்கு இருபது காலருக்கு மேல் அவளுக்கு வராது. அதை யாரும் பெரிதுபடுத்தியதில்லை. கொடுத்த கூலியும் அந்த லட்சணத்தில்தான் இருந்தது.

குறைந்தபட்சக் கூலியை உயர்த்தலாமா கூடாதா என்று டிவியில் இரண்டு மாதம் வாய் கிழியப் பேசினார்கள். உயர்த்தினால் தொழில் படுத்துவிடும் என்றார் ஒருவர். உயர்த்தாவிட்டால் தொழிலாளி படுத்துவிடுவான் என்றார் இன்னொருவர். இரண்டு பேருமே வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வந்தவர்கள். காலர் வைக்கத் தெரிந்த ஒருத்தியைக்கூட அந்த மேஜைக்கு யாரும் கூப்பிடவில்லை. கடைசியில் உயர்த்திவிட்டோம் என்று அறிவிப்பு வந்தபோது அண்ணி தேம்பித் தேம்பி அழுதாள்.

"இனிமே உங்க அண்ணனுக்கு மாத்திரைய பாதியா உடைச்சுக் குடுக்க வேண்டாம்" என்றாள்.

முதலாளி எல்லோரையும் கூட்டி, குரலை உயர்த்தாமல் சொன்னார்: "சட்டப்படி கூலி தர்றேன். அந்தக் கூலிக்கு உண்டான வேலையும் வரணும். அரை மணிக்கு எத்தனைன்னு நாளைக்கு ஒருத்தர் வந்து உங்கள்ல ஒரு ஆளை வச்சு அளப்பார். எல்லாருக்கும் அதுதான் கணக்கு. அந்த அளவுக்கு வராதவங்களுக்கு இங்க இடமில்ல."

சாப்பாட்டு இடைவேளையில், கை கழுவும் தொட்டியடியில், ஒரே பேச்சாக முடிவானது. யாரை அளந்தாலும் இருபதைத் தாண்டக் கூடாது. எல்லோர் கண்ணும் அவள் மேல்தான்.

"நாளைக்கு நான் கூட்ஸ் வண்டி, போதுமா?" என்றாள். அண்ணி மட்டும் சிரிக்கவில்லை.

மறுநாள் கழுத்தில் ஸ்டாப்வாட்ச் தொங்க ஒருவர் வந்தார். நல்ல மனிதர். எல்லோரையும் வாங்க போங்க என்றுதான் பேசினார். சூப்பர்வைசர் நேராக அவளிடம் கூட்டி வந்து நிறுத்தினார்.

முதல் ஐந்து நிமிடம் சரியாகத்தான் போனது. ஒரு தையல், ஒரு பெருமூச்சு, நூலை வெட்டத் தனியாக ஒரு நேரம். மூன்று காலர். அப்புறம் ஓரக்கண்ணால் அண்ணியைப் பார்த்துத் தொலைத்தாள். அண்ணி வீங்கிய கையை மடியில் வைத்து அமுக்கிக்கொண்டிருந்தாள். இந்தக் கையை நம்பி வேறு யார் வேலை கொடுப்பார்கள்? அண்ணி வீட்டில் உட்கார்ந்துவிட்டால் வாடகைக்கு என்ன வழி? அண்ணன் வலி தாங்காமல் கத்துவானே, அதற்கு என்ன வழி? யோசித்துக்கொண்டே இருந்தாள்.

"முப்பத்துநாலு" என்று அவர் சொன்னபோதுதான் அவளுக்குச் சுரணை வந்தது.

பின்னாலிருந்து ஒருத்தி, "பாவி, கெடுத்துட்டியே" என்றாள்.

அவள் எழுந்து கையெடுத்துக் கும்பிட்டாள். "சார், இது என் வேகம் இல்ல. ஏதோ பதட்டத்துல ஓடிருச்சு. இன்னொரு தடவை அளங்க சார். உங்க கால்ல விழறேன்."

"ஐயோ, அதெல்லாம் வேண்டாம்மா. உட்காருங்க, இன்னொரு தடவை பாத்துடலாம்" என்று அவர் வாட்சை மறுபடி பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவந்தார்.

பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். மெதுவா, மெதுவா என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டாள். புருஷன் போனபோதுகூட இப்படி ஒரு பயம் வந்ததில்லை. அண்ணி தன் மெஷினை விட்டு எழுந்து வந்து அவள் காதருகே குனிந்தாள்.

"மெதுவாம்மா. அண்ணி சொல்றேன்ல, மெதுவா."

அந்தக் குரலைக் கேட்டதும் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. கண் மறைத்தும் கைக்கு வழி தெரிந்தது. அண்ணி தோளைப் பிடித்து உலுக்கினாள். பெடலிலிருந்து அவள் கால் எழவில்லை.

அரை மணி முடிந்தது. அவர் நேர்மையான ஆள். முன்பு எழுதிய முப்பத்துநாலை அடித்துவிட்டு, நாற்பத்தொன்று என்று எழுதினார்.